நிரல் பொதுவானது, பெயரும் சாவியும் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகள் நூலகத்தைக் கணினிமயமாக்கக் கொட்டேஷன் கேட்டால், வருகிற தாள்களில் 'கோஹா' என்ற நூலக மென்பொருளின் பெயர் அடிக்கடி தென்படுகிறது. திறமூல மென்பொருள் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது), உரிமக் கட்டணம் இல்லை, உங்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்று விற்பவர் மூன்று வரியில் பேச்சை முடித்துவிடுவார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பாதிதான் உண்மை. கல்லூரிகள் மாட்டிக்கொள்வது மீதிப் பாதியில். அதைப் பற்றியே இக்கடிதம்.

திறமூல உரிமம் எதுவானாலும் அதில் பிரிந்துபோகும் உரிமை அடங்கியிருக்கிறது. மூல நிரலை முழுதாக எடுத்துக்கொண்டு, வேறு ஆட்கள் வேறு திசையில் வளர்க்கலாம். இதைத்தான் ஃபோர்க் என்கிறார்கள். இது குற்றமல்ல. சொல்லப்போனால், தொந்தரவு கொடுத்தால் ஆட்கள் பிரிந்துபோய்விடுவார்கள் என்ற பயம்தான் பல திட்டங்களில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலரிலிருந்து (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) 1997-ல் ஈஜிசிஎஸ் என்று பிரிந்த கிளை, 1999-ல் அதிகாரபூர்வ ஜிசிசி ஆகவே ஏற்கப்பட்டது. பகை எங்கே வருகிறதென்றால், பிரிகிறவரோ பிரியவிடாமல் பிடிப்பவரோ நிரலைத் தாண்டிப் பெயர், இணைய முகவரி, பயனர்களின் தரவு ஆகியவற்றில் கைவைக்கும்போது. இவற்றில் எதையும் உரிமம் காப்பாற்றாது.

கோஹாவே இதற்குச் சரியான பாடம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000-ல் பயன்பாட்டுக்கு வந்து, விநியோகிப்பவர் மூல நிரலையும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியான மென்பொருள் அது. பிற்பாடு அமெரிக்காவின் லிப்லைம் நிறுவனம் அதில் பெரிய கையாக வளர்ந்தது. திட்டத்தின் முதன்மை இணைய முகவரியும் அதனிடமே இருந்தது. 2009-ல், லிப்லைம் தன் திருத்தங்களைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பத் தயங்குகிறது, தனிப்பதிப்பு போட்டு விற்கிறது என்று பூசல் வெடித்தது. 2010 மார்ச்சில் லிப்லைமைப் பிடிஎஃப்எஸ் என்ற நிறுவனம் வாங்கியது. மற்றவர்கள் புது இணைய முகவரி, புதுத் தொகுப்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதோடு நிற்கவில்லை. 2011 நவம்பரில் 'கோஹா' என்ற பெயருக்கே நியூசிலாந்தில் தற்காலிக வணிகச்சின்ன ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று லிப்லைம் அறிவித்தது. அறக்கட்டளையும் கேட்டலிஸ்ட் ஐடி என்ற நிறுவனமும் எதிர்த்து வழக்காடின. அந்த விண்ணப்பம் பதிவுக்குப் போகக் கூடாது என்றும், செலவுத் தொகையாக 7,410 டாலர் தர வேண்டும் என்றும் ஆணையர் தீர்ப்பளித்தார்.

இந்தச் சண்டை நடந்த காலம் முழுக்க ஜிபிஎல் தன் வேலையைச் செய்தது. ஒரு வரி நிரல்கூடப் பொதுவிலிருந்து போகவில்லை. ஆனால் இணைய முகவரியை மீட்டுத்தர அதனால் முடியவில்லை. பெயரைக் காத்தது வணிகச்சின்னச் சட்டமும், அதற்குப் பணமும் நேரமும் கொடுத்த ஆட்களும்தான். பத்தமடைக்குப் போய்க் கோரையில் பாய் முடையும் வித்தையை யாரும் கற்றுக்கொள்ளலாம். வேறெங்கோ முடைந்ததற்குப் 'பத்தமடைப் பாய்' என்று பெயர் போட்டு விற்றால் புவிசார் குறியீட்டுச் சட்டம் குறுக்கே வரும். வித்தைக்கு ஒரு சட்டம், பெயருக்கு வேறொரு சட்டம். உரிமங்களே இதை ஒளிக்காமல் சொல்கின்றன: அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6-ஆம் பிரிவு, வணிகச்சின்னத்தைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. மூன்று பிரிவு பிஎஸ்டி உரிமத்தின் மூன்றாம் பிரிவு, மூலப் படைப்பாளிகள் பெயரைக் காட்டி விளம்பரம் செய்யாதே என்கிறது.

இனிக் கல்லூரிகள் வேலை ஆணையில் எழுத வேண்டியவை.

முதலில் முகவரி. நூலகத் தேடல் பக்கத்தை விற்பனையாளரின் இணைய முகவரியின் கீழ் வைக்கவே கூடாது. கல்லூரிக்கு ஏற்கெனவே 'ஏசி.இன்' என்று முடியும் முகவரி இருந்தால் அதன் கீழ் நூலகத்துக்கு ஒரு துணை முகவரி போடத் தனிச் செலவு இல்லை. எந்த முகவரி எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரிதான். ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து வேறு ஆளிடம் போனாலும் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், மாணவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அடுத்தது தரவு. இங்கேதான் அதிகம் வழுக்குகிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் தொகுப்பாக நிறுவிய கோஹா இரவுதோறும் தானாக நகல் எடுக்கும். தரவுத்தளத்துக்கு ஒரு கோப்பு, அமைப்புகளுக்கு ஒரு கோப்பு. ஆனால் இயல்பு அமைப்பில் இரண்டு நாள் நகலைத்தான் வைத்திருக்கும், அதுவும் அதே கணினியில். சர்வர் போனால் நகலும் சேர்ந்தே போகும். விற்பனையாளரோடு மனக்கசப்பு வந்து அவர் சர்வரை மூடினாலும் அதே கதிதான். ஆகவே மாதம் ஒருமுறையாவது இரண்டு கோப்பையும் கல்லூரியின் கைக்கு வாங்கிவிட வேண்டும். "மார்க் 21 வடிவில் ஏற்றுமதி தருகிறோமே, போதாதா?" என்பார்கள். போதாது. மார்க் என்பது நூலகங்கள் நூல் விவரங்களைப் பரிமாறும் பொது வடிவம். அந்தக் கோப்பில் நூல் விவரமும், 952-ஆம் புலத்தில் பிரதி விவரமும் வரும். உறுப்பினர் பட்டியல், யாரிடம் எந்த நூல் இருக்கிறது, அபராத நிலுவை எதுவும் வராது. அவை தரவுத்தள நகலில்தான் இருக்கின்றன.

வாங்கி வைத்த நகல் வேலை செய்யுமா என்று ஆண்டுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதே கோஹா பதிப்பில் ஏற்றுவது நல்லது. பழைய நகலைப் புதுப் பதிப்பில் ஏற்றினால் தரவுத்தள அமைப்பை மேம்படுத்தும் கட்டளையையும் ஓட்ட வேண்டும். புது நகலைப் பழைய பதிப்பில் ஏற்றினால் சிக்கும். வெறும் தரவுத்தளக் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுத் தேடினால் ஒரு நூலும் வராது. தரவு அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். கோஹாவின் தேடல் பொறியான ஜீப்ராவின் அட்டவணையை மறுபடி முழுதாகக் கட்டினால் வந்துவிடும். நூல் எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை, வெளியே இருக்கும் நூல்களின் எண்ணிக்கை மூன்றும் பழைய கணினியோடு ஒத்துப்போனால் நகல் நல்ல நகல்.

மூன்றாவது, சத்தமில்லாத ஃபோர்க். எங்களைக் கேட்டால் வெளிநாட்டு வழக்குகளைவிட நம் ஊருக்கு இதுதான் பெரிய தொல்லை. விற்பனையாளர் கல்லூரி கேட்ட சின்ன மாற்றங்களுக்காகக் கோஹாவின் கோப்புகளையே திருத்திவிடுவார். தரவுத்தளத்தில் தனக்கென்று இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துவிடுவார். அடுத்த மேம்படுத்தலில் திருத்திய கோப்புகள் மேலெழுதப்பட்டுவிடும், அல்லது அட்டவணைகள் இடித்து மேம்படுத்தல் பாதியில் நிற்கும். அதற்குப் பயந்து மேம்படுத்தாமலே விட்டு, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் நூலகங்கள் உண்டாகின்றன. பெயர் கோஹா, உள்ளே இருப்பது ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த தனிக்கிளை. கண்டுபிடிப்பது எளிது. 'கோஹா பற்றி' பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும். முதல் இரண்டு எண்கள் ஆண்டும் மாதமும். புது வெளியீடு மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு. அங்கே இருப்பது பல ஆண்டு பழையதாக இருந்து, "மேம்படுத்தினால் உங்கள் வசதிகள் போய்விடும்" என்ற பதிலும் வந்தால் விஷயம் அதுதான். கோப்பைத் தொடாமலே பெரும்பாலான மாற்றங்களைச் செய்ய வழி இருக்கிறது: தோற்றத்துக்கும் திரையின் நடத்தைக்கும் கணினி விருப்பங்களில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பெட்டிகள்; அறிக்கைகளுக்கு எஸ்க்யூஎல் அறிக்கைப் பகுதி; அதற்கும் மேல் வேண்டுமானால் தனியாக எழுதிச் சேர்க்கும் பிளக்-இன். "மூலக் கோப்புகளில் திருத்தம் செய்யக் கூடாது, செய்தால் திருத்தக் கோப்பை நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும்" என்று ஆணையில் ஒரு வரி சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

அப்படித் திருத்திய நிரலை ஜிபிஎல்லைக் காட்டிக் கேட்டு வாங்க முடியாதா என்றால், இடத்தைப் பொறுத்தது. கல்லூரியின் சொந்த சர்வரில் நிறுவிக் கொடுத்திருந்தால் அது விநியோகம். மூல நிரலைக் கேட்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு. விற்பனையாளர் தன் சர்வரிலேயே ஓட்டி, நாம் உலாவியில் மட்டும் பார்த்தால் அது விநியோகம் ஆகாது. ஜிபிஎல் அவரைக் கட்டாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏஜிபிஎல் என்ற உரிமம் வந்தது; அதன் மூன்றாம் பதிப்பு 2007-ல் வெளியானது. அதன் 13-ஆம் பிரிவுப்படி, திருத்திய நிரலை வலையமைப்பு வழியே பயன்படுத்துகிறவருக்கும் மூலத்தைத் தர வேண்டும். கோஹா ஏஜிபிஎல் அல்ல, ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. 'கிளவுட்' என்று மலிவாக வருகிற கொட்டேஷனைத் தேர்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

இனி, சொந்தமாக நிரல் எழுதி வெளியிடும் மாணவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சில விவரங்கள்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டாலே திறமூலம் ஆகிவிடாது. உரிமக் கோப்பு இல்லாத நிரலின் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. அவர் அனுமதி இல்லாமல் மற்றவர் சட்டப்படி அதைத் திருத்தி விநியோகிக்க முடியாது. 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒட்டுவதும் தவறு. மென்பொருளுக்கு எங்கள் உரிமங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்த அமைப்பே அறிவுறுத்துகிறது. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமங்களைப் போட்டால் யாரும் எடுத்து மூடிய மென்பொருளாக விற்கலாம். பிறகு வருத்தப்பட இடமில்லை. பயனர் கைக்கு நேரே போகும் செயலி என்றால் ஜிபிஎல், சர்வரில் ஓடுவது என்றால் ஏஜிபிஎல் என்பது எங்கள் கருத்து. சொந்தமாக உரிம வாசகம் எழுதவே வேண்டாம்.

உரிமத்தைவிட முக்கியமானது, பதிப்புரிமை யாரிடம் என்பது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. 17-ஆம் பிரிவுப்படி வேலை நிமித்தம் ஊழியர் எழுதியது, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். மாணவர் ஊழியர் அல்லர். புராஜெக்டுக்கு எழுதியது பொதுவாக அவருடையதே. நாலு பேர் சேர்ந்து எழுதினால் நாலு பேருக்கும் பங்கு உண்டு. உரிமையை ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் 19-ஆம் பிரிவைப் படிக்காமல் ஒப்பந்தம் போடக் கூடாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமை காலாவதியாகும். 'எல்லா உரிமையும் தருகிறேன்' என்ற ஒற்றை வரிப் படிவத்தில் இவை எதுவும் இருக்காது.

ஆனால் ஓரிடத்தில் சேர்ப்பது நல்லதா? அங்கேதான் கத்தி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பங்களிப்பாளர்களிடம் அவர்கள் எழுதியதன் உரிமையைத் தனக்குத் தரும் சிஎல்ஏ என்ற ஒப்பந்தம் வாங்கிய நிறுவனம், நாளை தனியாகவே உரிமத்தை மாற்றிவிடலாம். 2021 ஜனவரியில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் அப்பாச்சி உரிமத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது, அமேசான் 7.10.2 பதிப்பிலிருந்து பிரித்து ஓப்பன்சர்ச் தொடங்கியது. 2023 ஆகஸ்டில், சர்வர்களை நிரல் வழியே அமைக்கும் டெர்ராஃபார்ம், எம்பிஎல் என்ற திறமூல உரிமத்திலிருந்து பிஎஸ்எல் என்ற திறமூலம் அல்லாத உரிமத்துக்குப் போனது. அடுத்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் அதன் கிளையாக ஓப்பன்டோஃபு வந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பிஎஸ்டி உரிமத்தை விட்டு மாறியது. சில நாட்களிலேயே 7.2.4-லிருந்து வால்கீ பிரிந்தது. பின்னால் எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் ஏஜிபிஎல்லைத் தெரிவாகச் சேர்த்துத் திரும்பி வந்தாலும், பிரிந்த கிளைகள் பிரிந்தே நிற்கின்றன. ரெடிஸுக்கு எல்லாரிடமும் கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. பழைய பிஎஸ்டி உரிமமே அதற்கு இடம் கொடுத்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இப்படிச் செய்யவே முடியாது. அங்கே சிஎல்ஏ இல்லை; ஒவ்வொரு திருத்தத்திலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்று எழுதியவர் உறுதி சொல்லும் வழக்கம்தான். உரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அசையாமல் நிற்கிறது.

நெல்லையை அடுத்த கங்கைகொண்டான் பக்கம் இந்த மென்பொருள்களைச் சார்ந்து சேவை நடத்தும் நிறுவனங்கள், உரிமம் மாறிய அன்றே கிளைக்குத் தாவ வேண்டியதில்லை. கையிலிருக்கும் பழைய பதிப்பின் உரிமம் அப்படியே செல்லும். அதில் நின்றுகொண்டு, கிளையில் எத்தனை நிறுவனத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள், பாதுகாப்புத் திருத்தம் எத்தனை நாளில் வருகிறது என்று சில மாதம் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சர்வரைக் கிளைக்கு மாற்றிவிட்டு, அதோடு பேச நம் நிரலில் சேர்த்திருக்கும் கிளையன்ட் நிரல் தொகுப்புகளைத் தானாக மேம்பட விடக் கூடாது. எலாஸ்டிக்கின் கிளையன்ட்கள் 7.14 முதல் எதிரே இருப்பது அசல் எலாஸ்டிக்சர்ச்தானா என்று சோதித்து, இல்லையென்றால் வேலை செய்ய மறுக்கின்றன. பதிப்பு எண்ணைப் பூட்டி வைக்காதவர்களின் சேவை ஒரு சாதாரண மேம்படுத்தலில் நின்றுபோகும்.

பெயருக்கு வருவோம். வணிகச்சின்னப் பதிவில் மென்பொருள் 9-ஆம் வகுப்பு, இணையவழி மென்பொருள் சேவை 42-ஆம் வகுப்பு. இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறுதொழிலுக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 ஆண்டு செல்லும். உங்கள் பெயருக்கு வேறொருவர் விண்ணப்பித்தால், வணிகச்சின்ன இதழில் வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்புத் தாக்கல் செய்ய வேண்டும். காசு இல்லாவிட்டாலும் முன்பயன்பாட்டுக்கு 34-ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு. அதற்காக முதல் வெளியீட்டின் தேதி தெரியும் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ் எழுத்துரு செய்பவர்களுக்கு வேலை எளிது. எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் 'ஒதுக்கப்பட்ட பெயர்' என்று ஒரு வசதி உண்டு. பதிப்புரிமை வரியிலேயே பெயரைக் குறித்துவிட்டால், திருத்தி வெளியிடுகிறவர் வேறு பெயர்தான் வைத்தாக வேண்டும்.

ஆண்ட்ராய்டு செயலிக்குப் பெயரைவிடக் கையொப்பச் சாவி பெரிது; மேம்படுத்தல் அதே ஆளிடமிருந்து வருகிறதா என்று அதைக் கொண்டுதான் போன் சரிபார்க்கிறது. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற செயலித் தொகுப்பு 2023 இறுதியில் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது பெயரும் செயலிக் கடைப் பக்கமும் வாங்கியவரிடம் போய்விட்டன. ஜிபிஎல் இருந்ததால் ஃபாஸிஃபை என்று கிளை பிரித்தார்கள். ஆனால் அது ஆண்ட்ராய்டின் கண்ணில் வேறு செயலி. பழையதன் மேல் மேம்படுத்தலாக வராது, பழைய தரவைத் தானாக எடுக்கவும் செய்யாது. பயனர் ஒவ்வொருவரும் தேடிப் போய்ப் புதிதாக நிறுவ வேண்டும். பலர் வேலை செய்யும் திட்டத்தில் சாவிக் கோப்பு, கடைக் கணக்கு, இணைய முகவரிப் பதிவு மூன்றும் ஒருவர் பெயரில் இருக்கவே கூடாது.

கடைசியாக, பள்ளிகள். பிளஸ் 1 கணினிப் பயன்பாடுகள் பாடநூல் ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், இம்பிரஸ் சொல்லித்தருகிறது. 2010-ல் ஓப்பன் ஆஃபீஸை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும் பங்களிப்பாளர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 28-ல் லிப்ரே ஆஃபீஸை அறிவித்தனர். ஆரக்கிள் பெயரைக் கொடுக்கவில்லை. 2011-ல் நிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அப்பாச்சி உரிமத்தில் இருப்பதை லிப்ரே ஆஃபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆஃபீஸின் எம்பிஎல், எல்ஜிபிஎல் திருத்தங்களை அப்பாச்சி தன் உரிமத்தின் கீழ் எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவழிப் பாதை. பெயர் இருந்த இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருந்த இடத்தில் பெயர் இல்லை. ஓப்பன் ஆஃபீஸின் 4.1 வரிசை 2014-ல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை பராமரிப்பு வெளியீடுகளே. மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பை அது திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. பாடத்தில் படித்த பிள்ளை பிரவுசிங் சென்டரில் வேலை விண்ணப்பத்தை டாக்எக்ஸாகத் தரச் சொல்லும்போது திணறுவது இதனால்தான்.

பாடநூலை உடனே மாற்ற வேண்டியதில்லை. ஆய்வகக் கணினிகளில் லிப்ரே ஆஃபீஸை நிறுவினால் பாடத்திலுள்ள படிகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். சில பட்டிப் பெயர்களும் இடங்களும்தான் மாறியிருக்கும். பயிற்சி ஆவணங்களை இரண்டுக்கும் பொதுவான ஓடிடி வடிவில் சேமித்தால் இரண்டிலும் திறக்கும். பாடநூல் அடுத்து அச்சுக்குப் போகும்போது இந்த இரண்டு தகவலையும் முதல் பாடத்தில் அரைப் பக்கமாகச் சேர்க்குமாறு பாடநூல் கழகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திறமூல மென்பொருள் பராமரிப்பாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.